ருஷ்ய மொழியா, இந்தோனேசிய மொழியா?

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றை எதிர்நோக்கியிருக்கும் மாதங்கள் பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒருங்கே அலைக்கழிப்பன. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய நம் கரையோர ஊர்களிலே அம்மாதங்களில் எழும் வினாக்களுள் மொழி பற்றியதும் ஒன்று. ஒரு வீட்டில் மகனை மருத்துவம் பயில ருஷ்யாவுக்கு அனுப்பும் எண்ணம் இருக்கும். மற்றொரு வீட்டில் மகளுக்கு இந்தோனேசியாவிலோ மலேசியாவிலோ கற்கும் வாய்ப்பைப் பற்றிய பேச்சு நடக்கும். இன்னொருவனோ பொத்துவில்லுக்கு அப்பால் அறுகம்பையிலே உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டிப் பிழைக்கலாமே என்று கணக்கிடுவான். ஆகக்கூடி ஓராண்டுதான் கையில் உண்டு. வகுப்புக்குக் கட்டும் பணமும் எளிதில் வருவதன்று. எந்த மொழியைப் படிப்பது?

கேட்டவுடன் கிடைக்கும் விடை ஒன்றே: "இந்தோனேசியம் இலகு, ருஷ்யம் கடினம்." இவ்விடை முழுப் பொய்யன்று. ஆயினும் இதனை அளந்த கோல் யாருடையது என்பதை நாம் பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் தமக்கென வகுத்துக்கொண்ட அளவுகோல் இது. அமெரிக்க அரசு தன் இராசதந்திர உத்தியோகத்தருக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம் இந்தோனேசிய மொழிக்கு ஏறத்தாழ 36 வாரமும் ருஷ்ய மொழிக்கு 44 வாரமும் வேண்டுமெனக் கணித்துள்ளது. அதே பட்டியலில், ருஷ்ய மொழி நிற்கும் அதே வகுப்பில், 44 வாரம் வேண்டிய கடின மொழியாகத் தமிழும் நிற்கிறது! தொட்டிலிலேயே அக்கடினத்தைக் கடந்து வந்த நம் பிள்ளைகளுக்கு அவ்வளவுகோல் அப்படியே பொருந்துமென்று எப்படிக் கொள்வது? தமிழிலிருந்து புறப்படுவோனுக்குத் தூரம் வேறு. வழியிலுள்ள மேடுபள்ளமும் வேறு.

எழுத்தைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். ருஷ்ய நெடுங்கணக்கில் 33 எழுத்துகளே உள்ளன. இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைக் கற்ற பிள்ளை, அதன்மேல் குர்ஆன் மத்ரசாவிலே வலமிருந்து இடமாக அரபெழுத்தையும் கூட்டிப் படித்த பிள்ளை, ருஷ்ய எழுத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் செலவிட்டால் அது சோம்பலேயன்றி வேறன்று. இந்தோனேசியமோ ஆங்கில எழுத்தையே கொண்டது. 1972 ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின் எழுதியவாறே பெரும்பாலும் படிக்கலாம்.

உண்மையான இடர் ஒலியில் இருக்கிறது. தமிழெழுத்து ஒரே ககரத்தையும் தகரத்தையும் பகரத்தையும் வைத்துக்கொண்டு வல்லோசையையும் மெலிந்த ஓசையையும் இடம்நோக்கி ஒலிப்பது. இவ்விரு மொழிகளிலும் அவை வெவ்வேறு எழுத்துகள், பொருளையே மாற்றுவன. ருஷ்யத்தில் வீட்டைக் குறிக்கும் சொல்லையும் நூலின் ஒரு பாகத்தைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'தோம்' என்றே வரும். இந்தோனேசியத்தில் 'கற்றல்' என்பதும் 'மாணவர்' என்பதும் நம் எழுத்தில் 'பெலாஜார்' என ஒன்றாகிவிடும். ஆகவே இவற்றைத் தமிழெழுத்தில் எழுதிவைத்துப் படிக்கும் வழக்கத்தை முதல் மாதத்திலேயே கைவிடுதல் நன்று. இக்கட்டுரையில் நாம் தமிழெழுத்தைக் கையாள்வது ஒலிச்சாயலைக் காட்டவேயன்றிப் பாடமாகக் கொள்வதற்கன்று.

இனி இலக்கணத்துக்கு வருவோம். ருஷ்யத்தை எடுத்த எடுப்பிலேயே பலர் கைவிடச் செய்வது அதன் வேற்றுமை. ஆங்கிலப் புத்தகத்தின் வழியே ருஷ்யம் பயில்வோன் 'ஆறு வேற்றுமை' என்றதும் மலைக்கிறான். அவன் மொழியில் அது தேய்ந்து மறைந்துவிட்டது. நமக்கோ எட்டு வேற்றுமை! புத்தகம், புத்தகத்தின், புத்தகத்துக்கு, புத்தகத்தை, புத்தகத்தால், புத்தகத்தைப் பற்றி என நாம் சொல்லுமிடத்தில் ருஷ்யன் க்னிகா, க்னிகி, க்னிகே, க்னிகு, க்னிகய், அ க்னிகே என்கிறான். நமது நீங்கற்பொருளாகிய ஐந்தாம் வேற்றுமைக்கு அங்கே தனியுருபு இல்லை. முன்னிடைச் சொல்லொன்றும் உடைமை வேற்றுமையும் சேர்ந்து அப்பணியைச் செய்கின்றன. வேற்றுமை ஒரு பெயரை வினையோடு எவ்வாறு பிணைக்கின்றது என்பதை ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நான்காம் வேற்றுமையைப் பாருங்கள். 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்கு வேண்டும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் பதினெட்டு வயது' என்று நாம் பேசுகிறோம். ஆங்கிலேயன் இவ்விடங்களிலெல்லாம் 'நான்' என்று எழுவாயைக் கொண்டுவந்து நிறுத்துவான். வயதைச் சொல்லும்போதும் 'நான் பதினெட்டாக இருக்கிறேன்' என்ற பாங்கிலேயே சொல்வான். ருஷ்யனோ நம்மைப்போல் 'ம்னே', அதாவது 'எனக்கு' என்றே தொடங்குகிறான்: எனக்குக் குளிர், எனக்குப் பதினெட்டு ஆண்டுகள். 'நான் புத்தகத்தை உடையேன்' என்பது ஆங்கில நடை. 'உ மென்யா யெஸ்த் க்னிகா' என்பது ருஷ்ய நடை. பின்னதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'என்னிடம் உண்டு புத்தகம்' என்றே வரும். 'அவர் ஆசிரியர்' என்ற தொடருக்கு நாம் வினைச்சொல் சேர்ப்பதில்லை, ருஷ்யரும் சேர்ப்பதில்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. மூத்தாரை ஒருமையில் விளித்தால் அங்கும் முகம் சுளிப்பர்.

இன்னும் நுட்பமான ஒற்றுமை ஒன்றுண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்று உருபின்றிச் சொல்லலாம்; 'அண்ணன் அழைத்தேன்' என்று சொல்ல இயலாது, 'அண்ணனை' என்றே சொல்லல் வேண்டும். உயர்திணைப் பெயர் இரண்டாம் வேற்றுமையில் உருபை விடாது. அஃறிணைப் பெயர் விடும். ருஷ்யத்தின் ஆண்பாற் பெயர்களிலும் இத்தகைய நியமம் காணப்படுகிறது. 'வீட்டைக் காண்கிறேன்' என்னுமிடத்து வீடு என்ற சொல் மாறாது நிற்கும். 'சகோதரனைக் காண்கிறேன்' என்னுமிடத்து ஈறு மாறும். அவர்கள் உயிருள்ளது, உயிரற்றது என்று பிரிப்பர். நாம் திணையாற் பிரிக்கிறோம். வேறுபாடு அவ்வளவே.

வினையிலும் அப்படியே. முடிந்த செயலுக்கு ஒரு வினையும் முடிவு நோக்காத செயலுக்கு வேறொரு வினையும் ருஷ்யத்தில் இணையிணையாக வரும். மேனாட்டு மாணவர் ஆண்டுக்கணக்காகத் தடுமாறுவது இதிலேதான். 'கடிதம் எழுதினேன்' என்பதற்கும் 'கடிதம் எழுதிவிட்டேன்' என்பதற்கும் உள்ள வேற்றுமையை நம் வீட்டுச் சிறுமியிடம் கேளுங்கள், உடனே சொல்வாள். 'யா பிஸால்', 'யா நபிஸால்' என்ற இரண்டும் ஏறத்தாழ அவ்வளவே. எல்லா இடத்தும் நமது 'விடு' பொருந்திவிடாது. ஆனால் வாயில் திறக்க அச்சாவி போதும்.

இவ்வளவு சொன்னோம் என்று ருஷ்யத்தை எளிதாக எண்ணிவிடலாகாது. நமது 'ஐ' உருபு மரத்தோடும் மனிதனோடும் ஊரோடும் ஒரே வடிவில் வந்து ஒட்டும். ருஷ்ய ஈறோ பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். மேசை ஆண், புத்தகம் பெண், யன்னல் இரண்டுமல்லாதது. ஏனென்று கேட்டால் பயனில்லை, ஈற்றெழுத்தை நோக்கிப் பழகல் வேண்டும். 'நல்ல' என்ற நமது பெயரடை எவ்வேற்றுமையிலும் 'நல்ல' என்றே கிடக்க, அவர்களுடையது பெயரோடு சேர்ந்து தானும் உருமாறும். நடந்து போவதற்கு ஒரு வினை, வண்டியிற் போவதற்கு வேறொரு வினை. மெய்யெழுத்துகளில் வன்மை, மென்மை என இரு சாதி. சொல்வளத்திலும் நமக்கு அதிகம் உறவில்லை. த்வா, த்ரி என்ற எண்ணுப் பெயர்களும், அக்கினியை நினைவூட்டும் 'அகோன்' என்ற சொல்லும் வடமொழி வழியே உறவு கொண்டாட வரும். பெட்டியைக் குறிக்கும் 'சுந்தூக்', அரபு மூலத்தால் நம் பள்ளிவாசல்களில் மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்குக்கு இனமாகும். மற்றவற்றையெல்லாம் ஒவ்வொன்றாய் மனத்தில் இருத்தவே வேண்டும்.

சொல்வளம் என்று வந்தால் இந்தோனேசியமே அரசு. அதன் வீட்டுக்குள் நுழையும் இலங்கைத் தமிழன் புதியவனாக நிற்கமாட்டான். நம் மேசை அங்கே 'மேஜா', வாங்கு 'பங்க்கு', அலுமாரி 'லெமாரி', யன்னல் 'ஜெண்டேலா', சப்பாத்து 'செபாத்து'. போர்த்துக்கேயர் இருகரையிலும் இறக்கிவிட்டுப் போன சரக்கு இது. பின்னர் வந்த ஒல்லாந்தர் பத்தாவியாவிலும் கொழும்பிலும் ஒருங்கே ஆண்டமையால் நமது கந்தோர் அங்கே 'கந்தோர்' என்றே இருக்கிறது. லாச்சி 'லாச்சி'யாகவே இருக்கிறது. கக்கூசு 'காகுஸ்' ஆகியிருக்கிறது. சென்னையிலிருந்து செல்லும் தமிழருக்குக்கூட இவற்றுட் சில விளங்கா. நமக்கு அகராதி வேண்டாம்!

அதற்கும் முந்திய உறவொன்றுண்டு. தமிழ் வணிகர் கொண்டுபோன கப்பல், கடை, பெட்டி என்பன காப்பால், கெடை, பெத்தி என அங்கே நிலைத்தன. மாப்பிள்ளை 'மெம்பெலை' ஆகி, மணமகன், மணமகள் இருவரையுமே குறிக்கத் தொடங்கிவிட்டது. கல்முனையிலிருந்து நாவிதன்வெளிக்குச் செல்வோர் கடக்கும் கிட்டங்கியின் பெயரும், பண்டசாலையைக் குறிக்கும் இந்தோனேசியச் சொல்லாகிய 'குடாங்' என்பதும் ஒரு சொற்குடும்பத்தன எனலாம். அங்கிருந்து இங்கு வந்தவையும் குறைவல்ல. நாம் அரைக்கும் சம்பலும், பெருநாளைக்குக் கிண்டும் தொதலும், மருதமுனைத் தறிகளில் நெய்யும் சாரமும் மலாய்ப் பெயர் தாங்கியவை. ரம்புத்தான் பழத்தை உண்போர் 'ரம்புத்' என்றால் மயிர் என்பதை அறிந்தால் ஒரு சொல்லைச் செலவின்றிக் கற்றவராவர்.

கல்முனைக் கரைக்கே உரிய இலாபம் அரபுச் சொற்களால் வருவது. துனியா, வக்து, சபுறு, கபுறு, மய்யித்து, ஹதியா, ஜவாபு என நம் முஸ்லிம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் சொற்கள் துனியா, வாக்து, சபார், குபுர், மாயாத், ஹதியா, ஜவாப் என இந்தோனேசியத்தில் எல்லாச் சமயத்தாரும் பேசும் பொதுச் சொற்களாயுள்ளன. இருசாராரும் ஷாபிஈ மத்ஹபினராதலால் மார்க்கச் சொற்களிற் பெரும்பகுதி ஒன்றே. ஆயினும் பொருள் சற்றே விலகிநிற்கும் இடங்களைக் கவனித்தல் வேண்டும். 'கலிமாத்' என்றால் அங்கே வெறும் வாக்கியம். 'அலாமாத்' என்றால் வீட்டு முகவரி.

இந்து இல்லத்தாரும் வெறுங்கையோடு செல்ல வேண்டியதில்லை. குரு, பஹாசா, பூமி, மானுசியா, சுர்கா, நெராகா என்பவற்றைக் கேட்டால் வடமொழி தானே வாய்திறக்கும். வியப்பு யாதெனில், ரமழான் நோன்பையே அந்நாட்டு முஸ்லிம்கள் 'புவாசா' என்பர், அஃது உபவாசம். நற்செயலுக்குக் கிட்டும் நன்மையை 'பஹாலா' என்பர்; அது பலன். சமயம் என்பதற்கு 'அகாமா'. அது நம் ஆகமம். பாண்டிருப்பும் மருதமுனையும் அடுத்தடுத்துக் கிடப்பதுபோல் அம்மொழிக்குள் இவ்விரு சொற்கூட்டமும் வேலியின்றிக் கிடக்கின்றன.

இலக்கணத்திலும் தொடக்கம் இனிது. பால் வேறுபாடில்லை, வேற்றுமை உருபில்லை, காலத்துக்கேற்ப வினை மாறுவதில்லை. 'நேற்று நான் போ, நாளை நான் போ' என்ற அளவில் கருத்து நிறைவுறும். பன்மைக்குச் சொல்லை இரட்டித்தாற் போதும்: புக்கு என்றால் புத்தகம், புக்கு-புக்கு என்றால் புத்தகங்கள். கேட்போரை உட்படுத்தும் 'நாம்' அங்கே 'கித்தா'. உட்படுத்தாத 'நாங்கள்' அங்கே 'காமி'. ருஷ்யத்திலும் ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு இல்லை. பத்திரிகையில் எழுதுவோர் தம்மை 'நாம்' என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை இந்தோனேசியத்தில் பெயர்ப்பவர், கித்தாவா காமியா என்று சற்று யோசிக்க வேண்டியவராவர்.

கடினம் உள்ளே போகப் போகத் தலைகாட்டும். ஒரு வேர்ச்சொல்லின் முன்னும் பின்னும் ஒட்டுகளைச் சேர்த்து அவர்கள் சொல்லாக்குவர். 'அஜார்' என்ற ஒரு வேரிலிருந்தே கற்றல், கற்பித்தல், மாணவர், ஆசிரியர், பாடம், போதனை ஆகிய யாவும் பிறக்கும். இவ்வொட்டுகளை அறியாதவன் கடைத்தெருவிற் பேசலாம். செய்தித்தாள் படிக்க இயலாது. ஆறு மாதத்தில் 'எனக்கு இந்தோனேசியம் தெரியும்' என்று மார்தட்டி அங்கேயே நின்றுவிடுவோர் மிகப் பலர்.

இங்கும் தமிழிலக்கணம் கைகொடுப்பதை எந்தப் பாடநூலும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. 'மெ' என்ற ஒட்டுச் சேரும்போது வேரின் முதலெழுத்து மாறுகிறது. அனுப்புதலைக் குறிக்கும் 'கிரிம்', 'மெஙிரிம்' ஆகிறது. பெருக்குதலாகிய 'சாபு', 'மெஞாபு' ஆகிறது. எழுதுதலாகிய 'துலிஸ்', 'மெநூலிஸ்' ஆகிறது. அடித்தலாகிய 'புகுல்', 'மெமூகுல்' ஆகிறது. ககரத்துக்கு ஙகரம், சகரத்துக்கு ஞகரம், தகரத்துக்கு நகரம், பகரத்துக்கு மகரம்! வல்லினத்துக்கு இனமான மெல்லினம் என்று நாம் ஆறாம் வகுப்பிலே ஒப்புவித்த வரிசை அப்படியே வந்து நிற்பதைக் காண்க. ஆங்கில நூல் இதனை நான்கு விதியாகக் கட்டி மனனம் செய்யச் சொல்லும். நமக்கு ஒரு விதியும் வேண்டாம். தமிழில் அரிச்சுவடியோடு உறங்கிப்போன 'ஙி' என்ற எழுத்து அங்கே உயிரோடு உலவுவதும் ஒரு மகிழ்ச்சியே.

சொற்றொடர் அமைப்புத்தான் நம்மை இடறச் செய்வது. நமக்குப் 'புதிய வீடு', 'என் வீடு'. அவர்களுக்கு 'வீடு புதிய', 'வீடு நான்'. நமக்கு வினை இறுதியில், அவர்களுக்கு இடையில். நாம் பின்னே ஒட்டுவதை அவர்கள் முன்னே வைப்பர். இது எவ்வளவு ஆழமான வேறுபாடு என்பதற்கு நம் நாட்டு மலாயரின் பேச்சே சான்று. பதினேழாம் நூற்றாண்டு முதலாக ஒல்லாந்தர் யாவாவிலிருந்தும் அயற்தீவுகளிலிருந்தும் கொண்டுவந்த போர்வீரர், நாடுகடத்தப்பட்டோர் ஆகியோரின் வழிவந்தவர் இவர்கள். 1869 ஆம் ஆண்டிலேயே கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசுவோரோடும் சிங்களம் பேசுவோரோடும் பழகியதில் அவர்கள் மலாய்ச் சொற்களை விடாதிருந்தும் இலக்கணத்தை மாற்றிக்கொண்டனர். இந்தோனேசியன் 'கெ ரூமா' என்று உருபை முன்வைக்க, இலங்கை மலாயர் 'ரூமா-நங்' என்று பின்வைப்பர். அது நமது 'வீட்டுக்கு'. வினையையும் இறுதிக்கு அனுப்பிவிட்டனர். ஆகவே அயல்வீட்டு மலாயரிடம் பழகினால் இந்தோனேசியம் தானாக வந்துவிடும் என்பது சரியன்று. சொற்கள் வரும், தொடர் வராது.

இவ்வளவையும் நிறுத்துப் பார்த்தபின் நமது தீர்ப்பு இது. ஓராண்டில் நான்கு பேரோடு உரையாடிக் காரியம் முடிக்கும் அளவு மொழி வேண்டுவோர் இந்தோனேசியத்தைத் தேர்க. சிறு வேறுபாடுகளோடு மலேசியா, புரூணை ஆகிய நாடுகளின் கதவையும் அதுவே திறக்கும். 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆச்சேயையும் நம் கரையையும் ஒரே கடல் ஒரே காலையில் விழுங்கிற்று. அத்துயரைப் பற்றி அம்மக்களோடு இடையாள் இன்றிப் பேச முடிவதும் ஒரு பேறன்றோ?

ருஷ்யாவுக்குப் போவது உறுதியானால் செய்தி வேறு. அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் மருத்துவத்தை ஆங்கிலத்தில் கற்பிப்பதாகக் கூறுவதும், அதனால் மொழி தேவையில்லை என முகவர் சிலர் சொல்லுவதும் உண்டு. வகுப்பறையில் ஆங்கிலம் இருக்கலாம். வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் முதியவள் தன் நோவை ருஷ்யத்தில்தான் சொல்வாள். அதனைக் கேட்டறியாத மாணவன் நோயாளியிடம் கற்க வேண்டியதைக் கல்லாமலே திரும்புவான். திரும்பியபின் இலங்கை மருத்துவச் சபையின் தேர்வும் காத்திருக்கும். ருஷ்ய மூலம் பயில்வோருக்கு அங்கே ஓராண்டு ஆயத்த வகுப்பு உண்டு. ஆயினும் வேற்றுமையையும் எழுத்தையும் இங்கேயே, வீட்டுச் சோற்றை உண்டுகொண்டே முடித்துச் செல்பவனுக்கு அவ்வாண்டின் பாரம் பாதியாகும். வேலைக்குச் செல்வோருக்கும் இதுவே பொருந்தும். இந்நாட்டு முன்னாள் படையினர் பலர் வேறு வேலையென்று நம்பவைக்கப்பட்டு உக்ரைன் போர்முனையில் விடப்பட்ட கதை 2024 ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. படிக்கத் தெரியாத தாளிற் கையொப்பம் இடுதல் எவ்வளவு கேடென்பதற்கு வேறு உதாரணம் வேண்டா.

அறுகம்பையில் தொழில் தேடுவோர் ஒரு கணக்கை நினைவிற் கொள்க: 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டுக்கு வந்த பயணிகளில் இந்தியருக்கு அடுத்த தொகையினர் ருஷ்யரே. அவர்களுக்கு வணக்கமும் விலையும் வழியும் சொல்ல ஐந்நூறு சொற்கள் போதும். வேற்றுமை பிழைத்தாலும் அவர்கள் பொறுத்துக்கொள்வர்.

இலக்கியச் சுவைக்காகப் படிப்பேன் என்பவரும் இருப்பர். ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' முதலாக, மொஸ்கோவிலேயே அச்சாகிவந்த தமிழ் நூல்கள் வரை, ருஷ்ய எழுத்தைத் தமிழிற் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. 1890 ஆம் ஆண்டிலே நம் தீவில் இறங்கிச் சென்ற செக்கோவை அவர் மொழியிலேயே படிக்க விழைவோருக்கு நாம் தடை சொல்வோமா? கால எல்லை மட்டும் வைக்கவேண்டாம்.

கற்குமிடம் பற்றிச் சில சொற்கள். ருஷ்யத்துக்குக் கொழும்பிலுள்ள ருஷ்ய இல்லமும், பட்டப்படிப்பாகப் பயில்வோருக்குக் களனிப் பல்கலைக்கழகமும் உள. இந்தோனேசியத்துக்கு அந்நாட்டுத் தூதரகத்தை விசாரித்தல் நன்று. உதவிப்பணத் திட்டங்களின் விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவன. தாமே பயில்வோர் இந்தோனேசிய அகராதி வாங்கியதும் ஒன்றை அறிந்துகொள்ளல் வேண்டும். 'மெமூகுல்' என்ற சொல்லை மகரத்தில் தேடினால் அகப்படாது. ஒட்டை நீக்கி, மறைந்த பகரத்தை மீட்டுப் 'புகுல்' என்ற வேரின்கீழ்த் தேட வேண்டும். ருஷ்ய நூல் வாங்குவோர் அழுத்தக்குறி இட்ட பதிப்பாகப் பார்த்து வாங்குக. வழக்கமான நூல்களில் அக்குறி இராது. எந்த அசையை அழுத்துவது என்பதை எழுத்தைக் கொண்டு அறியவும் முடியாது. ஒரே எழுத்துகளால் ஆன சொல்லை முன்னசையில் அழுத்திச் 'சாமக்' என்றால் கோட்டை. பின்னசையில் அழுத்திச் 'சமோக்' என்றால் பூட்டு.